பழைய கணப்புக்கு முன்னால் இரும்பு அடுப்பு: குழாய் உச்சி வரை போக வேண்டும்

ஏற்காடு, வால்பாறைப் பக்கம் பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் முதல் மார்கழியிலேயே ஒன்றைக் கவனிப்பார்கள். கூடத்தில் இருக்கும் கணப்பில் எவ்வளவு விறகு போட்டாலும் முகம் சுடுகிறது, முதுகு குளிர்கிறது. திறந்த கணப்பு எரியும்போது அறைக் காற்றை உறிஞ்சிப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றுக்கு ஈடாகக் கதவடியிலும் ஜன்னல் இடுக்கிலும் குளிர்காற்று நுழைகிறது. விறகில் இருக்கும் சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் அறைக்குக் கிடைக்கும். அதே விறகைக் கதவுள்ள இரும்பு அடுப்பில் எரித்தால் 65 முதல் 75 பங்கு வரை அறையில் தங்கும்.

கணப்பை இடிக்க வேண்டியதில்லை. அதன் முன்னால் இரும்பு அடுப்பை வைத்து, புகையை அதே பழைய புகைபோக்கிக்குள் விடலாம். ஆனால் நம் ஊரில் இந்த வேலை பெரும்பாலும் அரைகுறையாகத்தான் நடக்கிறது. அடுப்பிலிருந்து இரண்டடிக் குழாயைக் கணப்பின் வாய்க்குள் நீட்டி, சுற்றிலும் செங்கல் வைத்துப் பூசிவிட்டால் முடிந்தது என்று கொத்தனார் நினைக்கிறார். முதல் வாரம் நன்றாகவே எரியும். கோளாறு பிறகுதான் தெரியும்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஆறு அங்குலக் குழாயின் உள்பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். பழைய கணப்பின் புகைபோக்கி 12க்கு 12 என்றால் 144 சதுர அங்குலம், அதாவது ஐந்து மடங்கு. குழாயில் விறுவிறுவென்று வந்த புகை அந்த அகலத்துக்குள் நுழைந்ததும் அதன் வேகம் ஐந்தில் ஒன்றாகிறது. மெதுவாகப் போகும் புகை குளிர்ந்த செங்கலில் சூட்டை இழந்து, அதிலுள்ள நீராவியும் தாரும் சுவரில் படிகின்றன. சுண்ணாம்புச் சாந்து வழியாக அந்தக் கரித்தார் கசிந்து, பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் பழுப்புக் கறையாக வெளியே வரும். மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அந்தக் கறை மறையாது. உள்ளே படிந்த தார் ஒரு நாள் பற்றினால் புகைபோக்கிக்குள் சூடு 1000 டிகிரியைத் தொடும். பழைய சாந்து அதைத் தாங்காது.

ஆக, விதி இதுதான். புகைபோக்கி வீட்டுக்குள் இருக்கும் சுவரில் என்றால் அதன் பரப்பு அடுப்புக் குழாயின் பரப்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. வெளிச்சுவரில் என்றால் இரண்டு மடங்குதான். உள்சுவரில் 9க்கு 9 இருந்தால் 81 சதுர அங்குலம், நூலிழையில் தப்பும். அதற்கு மேல் என்றால் அடுப்பிலிருந்து உச்சி வரைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கியே ஆக வேண்டும். 9க்கு 9 இருந்தாலும் இறக்குங்கள் என்பதே என் கருத்து. நூறு வருடப் புகைபோக்கியின் உள்சாந்து எங்கே உதிர்ந்திருக்கிறது என்று யாராலும் முழுதாகப் பார்க்க முடியாது.

அடுப்பை வாங்கும் முன்பே புகைபோக்கியைச் சோதித்துவிடுங்கள். கீழே கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து மேலே பார்த்தால் வானம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பறவைக் கூடு, தேன்கூடு, உதிர்ந்த செங்கல், அல்லது உள்ளே ஒரு வளைவு. அடுத்து, உச்சியை ஈரச் சாக்கால் மூடிவிட்டு அடியில் ஈர வைக்கோலைக் கொஞ்சம் கொளுத்தி, ஒரு ஆள் அட்டாலியிலும் (கூரையடிப் பரண்) பக்கத்து அறைகளிலும் நின்று பார்க்க வேண்டும். எங்கே புகை கசிகிறதோ அங்கே விரிசல். அந்தச் சமயத்தில் அறையின் கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். உத்தரத்தின் முனை புகைபோக்கிச் சுவருக்குள் செருகியிருக்கிறதா என்பதையும் அட்டாலியில் இருந்தபடியே பார்த்துவிடுங்கள். பழைய கட்டடங்களில் இது உண்டு. கரித்தார் பற்றினால் முதலில் பிடிப்பது அந்த மரமுனைதான். முதுகுக்கு முதுகாக இரண்டு அறைக் கணப்புகள் ஒரே புகைபோக்கியில் சேர்ந்திருந்தால் ஒன்றை நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும். ஒரு அடுப்புக்கு ஒரு வழி. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

வளைவைக் கண்டுபிடிக்கப் பந்தைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். பந்து வளைவில் உருண்டு போய்விடும், மூன்றடி நீளமுள்ள விறைப்பான குழாய் போகாது. இறக்கப் போகும் குழாயில் ஒரு துண்டையே கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். கணப்பின் கழுத்துக்கு மேலே புகைபோக்கி பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறகுதான் நேராகும். அங்கே முட்டினால் இரண்டு 45 டிகிரி வளைவுத் துண்டு போட வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் சுவரைத் திறந்து இணைத்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.

அடுப்பின் அளவில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். பெரிது வாங்கினால் நல்லது என்ற நினைப்பு இங்கே தலைகீழ். 14க்கு 16 அடி அறை, 12 அடி உயரம் என்றால் சுமார் 76 கன மீட்டர். குளிர்நாட்டுக் கணக்கில் 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்று வைத்தால் ஐந்தரை கிலோவாட் வரும். அந்தக் கணக்கு வெளியே உறைபனி அடிக்கும் ஊருக்கு. ஏற்காட்டில் குளிர்காலத்தில் வெளியே 12, 13 டிகிரி, உள்ளே 20 வேண்டும் என்றால் வித்தியாசம் எட்டு டிகிரிதான். நான்கு, ஐந்து கிலோவாட் அடுப்பே தாராளம். பத்து கிலோவாட் அடுப்பை வைத்தால் அரை மணி நேரத்தில் அறை வெந்துபோகும். உடனே காற்றை அடைத்து நெருப்பைப் புகைய விடுவீர்கள். அந்தப் புகைச்சல்தான் கண்ணாடியைக் கறுப்பாக்குகிறது, குழாயில் தாரை அப்புகிறது. சிறிய அடுப்பு, கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு, இதுதான் சரியான சேர்க்கை. ஐந்து கிலோவாட் சூட்டுக்குக் காய்ந்த விறகு மணிக்கு ஏறக்குறைய 1.8 கிலோ ஆகும்.

இனி அடுப்பு உட்காரும் இடம். கணப்புக்கு முன்னால் வைப்பதில் பெரிய நன்மை, அடுப்பின் பக்கவாட்டுச் சூடும் முதுகுச் சூடும் அறைக்கே வருவது. உள்ளே தள்ளி வைத்தால் பாதிச் சூட்டைச் செங்கல் குடித்துவிடும். புகைவாய் அடுப்பின் முதுகில் இருந்தால் குழாய் படுக்கையாகக் கணப்பின் வாய்க்குள் போய், அங்கே ஒரு டீ (T வடிவ இணைப்புக் குழாய்) வழியாக மேலே ஏறும். இந்தப் படுக்கைக் குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஆறு அங்குலத்துக்குள் என்றால் அருமை, ஒன்றரை அடியைத் தாண்டவே கூடாது. அந்தக் குட்டைத் துண்டும் அடிக்குக் கால் அங்குலம் வீதம் டீயை நோக்கி ஏறியிருக்க வேண்டும். சமமட்டமாக வைத்தால் கரி அங்கேயே தங்கும்.

அடுப்பை இன்னும் முன்னால் வைக்க ஆசை என்றால் தலைமேல் புகைவாய் உள்ள அடுப்பை எடுங்கள். குழாய் முதலில் குறைந்தது இரண்டடி நேராக ஏறி, பிறகுதான் திரும்பிப் புகைபோக்கிச் சுவருக்குள் நுழைய வேண்டும். ஏறும் அந்த இரண்டடிதான் புகைக்கு இழுவையைத் தருகிறது. எடுத்த எடுப்பிலேயே வளைத்தால் கதவைத் திறக்கும் போதெல்லாம் புகை அறைக்குள் வழியும்.

முதுகுவாய் அடுப்பு வாங்குவதற்கு முன் கணப்பு வாயின் உயரத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளந்துகொள்ளுங்கள். அடுப்பின் புகைவாய் மையம் 22 அங்குல உயரத்தில் இருந்தால் குழாயின் மேல்விளிம்பு 25 அங்குலத்தில் வரும். அதற்கு மேல் இரண்டு மூன்று அங்குலமாவது இடம் இருந்தால்தான் இணைப்பில் கை நுழையும். இடம் போதவில்லை என்று லிண்டலை வெட்ட விடாதீர்கள். அந்தக் கல்லோ வளைவோதான் மேலே இருக்கும் மொத்தப் புகைபோக்கியையும் தாங்கி நிற்கிறது.

அடுப்பின் எடை 90 முதல் 150 கிலோ வரை இருக்கும். கீழ்த்தளத்தில் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை என்றால் பாரம் தாங்கும், ஆனால் சூடேறிச் சூடேறிப் பூச்சு வெடிக்கும். கடப்பாக் கல்லை நேராகத் தரையில் பதித்து அதன்மேல் அடுப்பை வைத்தாலும் கல் பிளக்கலாம். மணல் படுகை, அதன்மேல் படுத்த செங்கல் ஒரு வரிசை, அதன்மேல் கல் என்று அமைத்தால் நிற்கும். இந்த மேடை அடுப்புக் கதவுக்கு முன்னால் 18 அங்குலமும் பக்கங்களில் 8 அங்குலமும் நீண்டிருக்க வேண்டும், ஏனென்றால் கங்கு விழுவது கதவுக்கு முன்னால்தான். பலகைத் தரையாக இருந்தால் அடியில் உள்ள சட்டங்களை ஆசாரியைக் கொண்டு பார்க்காமல் அடுப்பை ஏற்ற வேண்டாம்.

மரத்துக்கும் அடுப்புக்கும் இடைவெளி 36 அங்குலம். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் 18 அங்குலம். கணப்புக்கு மேலே அழகான தேக்குப் பலகை இருக்கும். அடுப்பை முன்னால் வைக்கும்போது அது நேராக அடுப்பின் தலைக்கு மேல், குழாயின் பக்கத்தில் வந்துவிடும். மறைப்பாகத் தகரம் வைக்கலாம், அதை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். தகரத்தை மரத்தோடு ஒட்டி ஆணி அடித்தால் பயனே இல்லை, தகரம் சூட்டை அப்படியே மரத்துக்குக் கடத்தும். மரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, பீங்கான் குமிழ்களில் நிறுத்தி, மேலும் கீழும் காற்றோட்டத்துக்குத் திறந்து வைத்தால் 36 அங்குலம் 12 ஆகக் குறையும். காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் மரம் சூடேறாது. மெதுவாகச் சூடேறும் மரம் பல வருடம் கரிந்து கரிந்து, ஒரு நாள் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்பது இங்கே சமாதானம் ஆகாது.

குழாய் விஷயத்தில் கொங்கு நாட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஸ்டெயின்லெஸ் தகட்டுக்குச் சேலம் உருக்காலை இருக்கிறது, அதை உருட்டி வெல்டிங் வைக்கக் கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கிறது. அறைக்குள் தெரியும் துண்டுக்கு 2 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல், அதன்மேல் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட். உள்ளே இறங்கும் குழாய்க்கு 304 ரகம் போதும், 316 கிடைத்தால் கரித்தாரின் அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். கனம் 0.8 முதல் 1 மில்லிமீட்டர். ஜி.ஐ. குழாய் வேண்டவே வேண்டாம். அடுப்புச் சூட்டில் துத்தநாகப் பூச்சு உருகி நச்சுப் புகை வரும். கிராமத்துப் புகையில்லா அடுப்புகளுக்கு வைக்கிற சிமென்ட் ஆஸ்பெஸ்டாஸ் குழாயும் இதற்கு ஆகாது. மூடிய அடுப்பின் சூட்டில் அது வெடிக்கும், உதிரும் தூள் நுரையீரலுக்குக் கேடு.

ஒரு குழாய் இன்னொன்றில் நுழையும் இடத்தில் எது உள்ளே எது வெளியே என்பதைப் பட்டறையில் கேட்கவே மாட்டார்கள். மேல் குழாயின் கீழ்முனை, கீழ்க் குழாயின் வாய்க்குள் நுழைய வேண்டும். மழைநீர்க் குழாய் மாதிரி. புகை மேலே போகிறதே, நேர்மாறாக வைத்தால்தானே கசியாது என்று வாதம் செய்வார்கள். இழுவை இருக்கும் வரை குழாய்க்குள் அழுத்தம் குறைவு, வெளிக்காற்றுதான் உள்ளே போகுமே தவிர புகை வெளியே வராது. வழிவது கரித்தார். அது கீழே இறங்கி அடுப்புக்குள்ளேயே போய் எரிய வேண்டும். மாற்றி வைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் கறுப்புக் கண்ணீர் வடியும், அந்த நாற்றத்தைப் போக்க முடியாது. ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று ஸ்க்ரூ.

குழாய் நீளும். ஐந்து மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 200 டிகிரி சூடேறினால் சுமார் 17 மில்லிமீட்டர் வளரும். இரண்டு முனையையும் சிமென்ட் வைத்து இறுக்கினால் ஏதாவது ஒன்று உடையத்தான் செய்யும். அடியில் டீயின் மேல் உட்கார வைத்து, உச்சித் தகட்டில் குழாய் வழுக்கிப் போகிற மாதிரி ஒரு வளையம் வையுங்கள். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் செராமிக் கயிற்றைச் சுற்றித் திணித்து, மேலே மெல்லியதாக ஃபயர் சிமென்ட். வெறும் சிமென்ட் சாந்து ஒரே குளிர்காலத்தில் விரிசல் விடும், சிலிகான் கருகிவிடும். வெளிச்சுவர்ப் புகைபோக்கி என்றால் குழாயைச் சுற்றி 25 மில்லிமீட்டர் செராமிக் கம்பளி கட்டி இறக்குங்கள். கோவை ஃபவுண்டரிகளுக்கு வருகிற அதே கம்பளிதான்.

கணப்பின் கழுத்தை அடைக்கும் தகட்டை மறந்துவிடுகிறார்கள். லிண்டலுக்குச் சற்று மேலே, குழாயைச் சுற்றி மீதமுள்ள வெற்றிடம் முழுவதையும் 2 மில்லிமீட்டர் தகடு இரண்டு பாதியாக வெட்டி மூட வேண்டும். ஓரங்களில் செராமிக் கம்பளி. இது இல்லாவிட்டால் அடுப்பு கொடுக்கும் சூடு குழாயின் வெளிப்பக்கமாகவே மேலே ஓடிவிடும். ஆனி, ஆடி மழையில் வால்பாறையில் புகைபோக்கிக்குள் இருந்து ஈரக்கரி நாற்றம் கூடத்துக்கு இறங்கும். தகட்டில் கை நுழையும் ஒரு சிறு கதவு இருக்கட்டும், டீயின் அடியில் கழற்றக்கூடிய மூடி இருக்கட்டும். கரி விழுவதும் அள்ளுவதும் அங்கேதான்.

உச்சியில், கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து மூன்றடியும், பத்தடி தூரத்துக்குள் இருக்கும் ஓட்டு முகட்டை விட இரண்டடியும் உயரம் வேண்டும். அடுப்பிலிருந்து மொத்தம் 15 அடிக்குக் குறையக்கூடாது. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. இழுவையும் அந்த அளவுக்குக் குறையும் என்பதால் மலைமேல் 17, 18 அடி வைப்பதே நல்லது. மழைக்குத் தொப்பி கட்டாயம், ஆனால் தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவில் ஆறு அங்குலமாவது திறப்பு இருக்கட்டும். பறவை புகாமல் நெருக்கமான கம்பிவலை கட்டினால் ஒரே மாதத்தில் கரி அடைத்துவிடும், முக்கால் அங்குலக் கண் உள்ள வலை போடுங்கள். தொப்பியை ஸ்க்ரூவில் நிறுத்தாமல் போல்ட் போட்டு முடுக்குங்கள். குரங்கு பிடுங்காத தொப்பியை மலையில் பார்ப்பது கடினம். வீடு சரிவுக்கு அடியில் இருந்து மேட்டுக் காற்று கீழே அமுக்கினால், இன்னும் இரண்டடி குழாய் சேர்ப்பதும் பக்கத்தில் கவிந்திருக்கும் சில்வர் ஓக் கிளையைக் கழிப்பதும் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

ஃபயர் சிமென்ட் காய ஒரு நாள் விட்டு, முதல் மூன்று முறை சுள்ளி மட்டும் எரியுங்கள். முதல் நாளே முழு நெருப்பு மூட்டினால் வார்ப்பிரும்புத் தகடு விரிசல் விடும். பெயின்ட் புகையும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

விறகில் ஈரம் நூற்றுக்கு 20க்கு மேல் இருந்தால் மேலே சொன்ன எல்லா வேலையும் பாழ். பிடுங்கிய பழைய காப்பிச் செடியின் அடிக்கட்டையும் தேயிலைக் கட்டையும் கனமானவை, நிதானமாக எரியும். சில்வர் ஓக் சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும், மூட்டுவதற்கு ஏற்றது. தைலமரத்தைப் பிளந்து ஒரு வருடமாவது காய வைக்க வேண்டும். கீழ்நாட்டிலிருந்து வரும் வேலிக்கருவை நல்ல சூடு, முள் சீவித்தான் அடுக்க வேண்டும். காங்கேயம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தேங்காய்த் தொட்டியை அடுப்பு நிறையப் போட ஆசை வரும். அதன் சூட்டில் சாம்பல் தட்டு வளைந்துவிடும், ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை எதுவும் உள்ளே போகக்கூடாது.

குழாயில், அடுப்புக்கு ஒன்றரை அடி மேலே, காந்தத்தில் ஒட்டும் வெப்பமானி ஒன்று வையுங்கள். 120 டிகிரிக்கும் 240 டிகிரிக்கும் நடுவே முள் நின்றால் சரியான எரிச்சல். கீழே இருந்தால் தார் படிகிறது, மேலே போனால் காற்றைக் குறைக்க வேண்டும். புகைபோக்கிக்குள் ரயில் போகிற மாதிரி இரைச்சல் கேட்டால் உள்ளே பற்றிவிட்டது என்று அர்த்தம். கதவையும் காற்று வழிகளையும் முழுக்க மூடுங்கள், எல்லோரையும் வெளியேற்றுங்கள், 101க்கு அழையுங்கள். தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

ஜன்னல்களை அலுமினிய ஸ்லைடிங்காக மாற்றிய வீடுகளில் காற்று வரும் வழியே இருக்காது. பக்கத்துச் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் அது புகைபோக்கியிலிருந்தே காற்றை இழுத்து, கார்பன் மோனாக்சைடை அறைக்குள் கொண்டுவரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சுவரில் நிரந்தரமாகத் திறந்திருக்கும் ஒரு காற்றுத் துளையும், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் அடுப்பின் பாகமாகவே கருதப்பட வேண்டும். கூட்டிக்கழித்துச் செலவைக் குறைக்கும் இடம் இதுவல்ல. கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் எடுத்துப்போகும் பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது, அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

சீசனின் நடுவில் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, ஆறு அங்குல பிரஷ்ஷால் உச்சியிலிருந்து குழாயை இழுத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு நைலான் பிரஷ், இரும்புக் கம்பி பிரஷ் கீறிவிடும். உள்ளே படிவு மூன்று மில்லிமீட்டர் கனம் சேர்ந்திருந்தால் நாள் பார்க்காமல் அன்றே சுத்தம் செய்யுங்கள். அப்போதே அடுப்புக் கதவின் ஓரத்தில் உள்ள அடைப்புக் கயிற்றையும் சோதித்துவிடலாம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் கிழிந்தால் அல்லது இறுக்கமாக வந்தால் கயிறு நன்றாக இருக்கிறது, சும்மா உருவிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும்.